இல்லாத ஜன்னலுக்கு 45 நிமிடம்: மால்டாவுக்குத் திட்டம் போட்டுத் தந்த பினாங்குப் பயண முகவர்

"ஆறாம் நாள், கோசோ தீவு, காலை 11.15. அஷூர் விண்டோ, படம் எடுக்க 45 நிமிடம்."

பயண முகவர் தந்த தாளில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே ஒரு சின்னப் படம். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் பெரிய பாறை வளைவு, நடுவில் நீலம். பார்த்ததும் சித்தி, "இங்க நின்னு ஒரு குடும்பப் படம் எடுத்து ஃபிரேம் போட்டுடணும்" என்றார்.

என் மகனுக்கு வயது 14. கைப்பேசியில் தட்டிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டான். தாளை வாங்கிய ஐந்தாவது நிமிடம், "அம்மா, இது இல்ல" என்றான்.

"எது இல்ல?"

"இந்தப் பாறை. 2017 மார்ச் 8, புயல்ல இடிஞ்சு கடல்ல விழுந்துடுச்சு."

இந்தப் பாறையிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்பதற்காக, அந்த முகவரிடம் போகாதீர்கள் என்று சொல்ல வருகிறேன் என நினைக்க வேண்டாம். கதை அவ்வளவு சுலபமில்லை. எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நாலைந்து பேர், "அந்த அக்கா எப்படி, காசு போட்டுப் போகலாமா" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்ப எனக்குப் பொறுமை இல்லை. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. லிட்டில் இந்தியாவில் பாதிப் பேர் மீதிப் பாதிக்குச் சொந்தம். தைப்பூசத்துக்கு ஒரே தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்ற வேண்டியவர்கள் நாங்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும்: கீழே பூக்கடை, மேலே குறுகலான மரப்படி, மாடியில் இரண்டு மேசை, சுவரில் சேலைக்கடை நாட்காட்டி. காசி, ராமேஸ்வரம், அறுபடை வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவார். எங்கள் தெருவில் அவரோடு பழனி போகாத வீடு குறைவு. மால்டாவுக்கு ஆள் அனுப்புவது அவருக்கு இது மூன்றாவது தடவை என்று அவரே சொன்னார். அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஏன் மால்டா என்று எல்லோரும் கேட்டார்கள். பாயான் லெப்பாஸில் என்னோடு வேலை செய்த ஒரு பெண் அங்கே வேலை மாற்றலாகிப் போனாள். மஞ்சள் கல் சுவரும் கடலுமாக இரண்டு வருடம் படம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பினாங்குத் தீவு ஏறக்குறைய 293 சதுர கிலோமீட்டர். மால்டா நாடு, கோசோ, கொமினோ தீவுகளையும் சேர்த்தே, 316. அதாவது நம் தீவை வைத்துக்கொண்டு ஒரு நாடு நடத்துகிறார்கள். 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட இடம், ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. காடி (கார்) இடப்பக்கம் ஓடும். நம் வீட்டு மூன்று முள் பிளக் அங்கே அப்படியே சுவரில் ஏறும். 71 வயது அம்மாவையும் 64 வயது சித்தியையும் முதன்முறையாக ஐரோப்பா கூட்டிப் போக இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று பட்டது.

முகவரிடம் போன முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி தேதியோ பட்ஜெட்டோ இல்லை. "அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு?"

அம்மா வாய் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார். "தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படியும் ஏறினவங்க. இப்போ வீட்டு வாசப்படியே ரெண்டு தடவையா ஏறுறாங்க."

அக்கா அதைக் குறித்துக்கொண்டார். இந்த விமர்சனத்தில் நான் கொடுக்கும் பாராட்டெல்லாம் அந்தக் குறிப்பிலிருந்து வந்ததுதான். விமான டிக்கெட்டைப் பினாங்கு, கோலாலம்பூர், இஸ்தான்புல், மால்டா என்று ஒரே பதிவாகப் போட்டார். பினாங்கில் ஏற்றிய பெட்டியை மால்டாவில்தான் பார்த்தோம். ஒவ்வொரு விமான நிலையத்திலும் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி காத்திருந்தது. அம்மா சுத்த சைவம். விமானத்தில் சைவச் சாப்பாடு அவர் பெயருக்கே எழுதி வந்தது. இஸ்தான்புல்லில் நாலு மணி நேர இடைவெளி விட்டிருந்தார். "ஒரு மணி நேரத்துல ஓடிப் பிடிக்கிற டிக்கெட் மலிவா இருக்கு. ஆனா உங்க அம்மா ஓட மாட்டாங்க லா" என்றார். அந்த ஒரு வரிக்கே திட்டக் கட்டணம் ஆளுக்கு 350 வெள்ளி (ரிங்கிட்) தகும்.

தங்குமிடமும் அப்படித்தான். இணையத்தில் எல்லோரும் ஸ்லீமாவில் தங்கு, செயின்ட் ஜூலியன்ஸில் தங்கு என்கிறார்கள். அக்கா எங்களை ஃப்ளோரியானாவில் போட்டார். தலைநகர் வாலெட்டாவின் கோட்டை வாசலுக்கு வெளியே இருக்கும் ஊர் அது. கடற்கரை இல்லை, கேளிக்கை இல்லை, இரவு ஒன்பதுக்கு மேல் பூனைதான் நடக்கிறது. முதல் நாள் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எனக்கே, காசை மிச்சம் பிடித்து எங்கேயோ தள்ளிவிட்டாரோ என்று ஒரு சந்தேகம்.

மறுநாள் காலை புரிந்தது. தீவின் பேருந்துகளில் பெரும்பாலானவை புறப்படும் நிலையம் அந்த வாசலில்தான், டிரைட்டன் நீரூற்றைச் சுற்றி இருக்கிறது. மால்டா பேருந்தில் ஒரு தொல்லை: கூட்டம் நிரம்பிவிட்டால் நடுவழி நிறுத்தங்களில் நிற்காமல் போய்விடுவார்கள். கை காட்டிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் ஏறியதோ புறப்படும் இடத்தில். ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கும் சித்திக்கும் உட்கார இடம் கிடைத்தது. கோடைக் கட்டணம் தொடங்காததால் டிக்கெட் 2 யூரோ, இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறலாம். கோடையில் அதுவே 2.50. யூரோவுக்கு ஐந்து வெள்ளி என்று போட்டுக்கொண்டால் மனக்கணக்குச் சுலபம், சற்றுக் கூடுதலாகவே வரும், பாதகமில்லை.

இன்னொன்று, வாலெட்டா ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் ஊர். வாசலிலிருந்து நேரே போகும் ரிபப்ளிக் தெரு முதல் பாதி தூரம் ஏறக்குறைய சமதளம். பக்கத்துத் தெருக்களோ இரண்டு பக்கமும் கடலை நோக்கிப் படிப்படியாக இறங்கும். ஸ்லீமாவிலிருந்து படகில் வந்தால் அந்தச் சரிவை ஏறித்தான் ஊருக்குள் நுழைய வேண்டும். ஃப்ளோரியானாவிலிருந்து வந்தால் மேட்டின் மேலேயே நடந்து, மேலேயே திரும்பிவிடலாம். ஜார்ஜ்டவுனில் உட்கார்ந்துகொண்டு இதை யோசித்த ஆளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் குறை சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் இதே ஆள், கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டுத் திட்டம் போட்டிருந்தார்.

முதலில் காசு விஷயம். விலைத் தாளில் "விசா சேவை, ஆளுக்கு 180 வெள்ளி" என்று ஒரு வரி. மலேசியக் கடப்பிதழுக்கு மால்டா போக விசா வேண்டாம். ஷெங்கன் ஒப்பந்த ஐரோப்பிய நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, 180 நாளில் 90 நாள் வரை சும்மா போய் வரலாம். கேட்டேன். "ஐயோ, அது இந்தியா பேக்கேஜ் தாள்ல இருந்து வந்துடுச்சு" என்று உடனே அடித்துவிட்டார். 720 வெள்ளி. கேட்காமல் இருந்திருந்தால் போயிருக்கும். வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. பழைய தாளை நகல் எடுத்து ஊர் பெயரை மட்டும் மாற்றுகிற பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இடிந்து விழுந்த பாறையும் அப்படித்தான் உள்ளே வந்தது.

அப்புறம் கிழமை. ஞாயிறு: வாலெட்டா செயின்ட் ஜான்ஸ் இணைப்பேராலயம். புதன்: மார்சாஷ்லோக் மீன் சந்தை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேராலயத்தில் பூசை, சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. மார்சாஷ்லோக்கிலோ மீன் சந்தை களைகட்டுவதே ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. இதை நான் கண்டுபிடித்தது புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், இரவு பதினொன்றரைக்கு, துணி மடித்துக்கொண்டே. புலனத்தில் அனுப்பினேன். காலை ஏழு மணிக்குப் பதில்: "நல்ல வேளை பார்த்தீங்க. மாத்திட்டேன்." புதிய தாளும் கூடவே வந்தது. இந்த வேகம் அவரிடம் உண்டு. எதைச் சுட்டிக்காட்டினாலும் வாதாடாமல் அன்றைக்கே திருத்துவார். சுட்டிக்காட்டுவது நம் வேலையாகிவிடுகிறது என்பதுதான் என் புகார்.

மூன்றாவது தவறைத் திருத்த முடியவில்லை. "ஹல் சஃப்லியெனி ஹைப்போஜியம், டிக்கெட் வாசலில் வாங்கலாம்." எனக்கு இந்த வரியைப் படித்தபோது எதுவும் தோன்றவில்லை. இணையதளத்துக்குப் போனால் நாங்கள் அங்கே இருக்கும் எல்லா நாளும் விற்றுத் தீர்ந்திருந்தது. பாவுலா ஊரில், வீடுகளுக்கு நடுவே, தரைக்கு அடியில் பாறையைக் குடைந்து மூன்று அடுக்கில் செய்த இடுகாடும் கோயிலும் அது. கிமு 4000 வாக்கில் தொடங்கி கிமு 2500 வரை குடைந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். வீடு கட்ட நீர்த்தொட்டி தோண்டியவர்கள் தற்செயலாகக் கூரையை உடைத்ததில் 1902இல் வெளியே தெரிந்தது. நம் மூச்சின் ஈரமும் வெக்கையும் பட்டால் சுவரில் இருக்கும் செங்காவி ஓவியம் கெட்டுவிடும் என்பதால் ஒரு நேரத்துக்குப் பத்துப் பேர், ஒரு நாளைக்கு 80 பேர், அவ்வளவுதான் உள்ளே விடுகிறார்கள். கோடை வரும் சமயத்தில் இரண்டு மூன்று மாதம் முன்பே பதிவு செய்தாக வேண்டிய இடம். முகவரை வைத்துக்கொள்வதே இந்த மாதிரி ஒன்றுக்குத்தானே?

என் பழைய சிநேகிதிதான் வழி சொன்னாள். மறுநாள் போவதற்குக் கொஞ்சம் டிக்கெட்டைக் கடைசி நேர விற்பனைக்கு ஒதுக்கி வைப்பார்களாம், வாலெட்டாவின் மறுகோடியில் இருக்கும் செயின்ட் எல்மோ கோட்டையில். விலை கூடுதல். நானும் மகனும் காலை எட்டு மணிக்கே போய் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன் தம்பதி, மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்கள். இரண்டு டிக்கெட் கிடைத்தது. இறங்கும் இடம் ஈரமும் படியும் என்பதால் அம்மாவும் சித்தியும் எப்படியும் வர முடியாதுதான்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது. கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் விடுகிறார்கள். என் மகன் ஒரு மணி நேரம் கைப்பேசி இல்லாமல் இருந்தது தனிச் சாதனை. மங்கிய விளக்கு ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தது. ஒரு அறையின் கூரை, மேலே கட்டிய கோயில் கூரை மாதிரியே வரிவரியாக உள்வாங்கிச் செதுக்கப்பட்டிருந்தது. கல்லை அடுக்கிக் கட்டவில்லை; கட்டியது போல் தோன்றும்படி பாறையைக் குடைந்திருக்கிறார்கள். இரும்பு இல்லாத காலம். கொம்பும் சிக்கிமுக்கிக் கல்லும்தான் கருவி. கூரையில் சிவப்புச் சுருள்கள், கோலத்தில் புள்ளியைச் சுற்றி வரும் கோடு போல. ஏறக்குறைய 7,000 பேரின் எலும்புகள் அங்கே இருந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். வெளியே வெயிலுக்கு வந்ததும் மகன், "பாட்டி பாக்கணும் இத" என்றான்.

பாட்டி பார்த்தது வேறொன்று. அந்தக் குகையில் கிடைத்த "தூங்கும் பெண்" சிலை ரிபப்ளிக் தெருவில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சமதளத் தெரு, அம்மா தானே நடந்து வந்தார். பெரிய சிலையாக எதிர்பார்த்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்குகிற சுடுமண் பொம்மை. ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையைத் தலைக்கு வைத்து, பாவாடை விரிந்து கிடக்கிறது. அம்மா ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "வேலையெல்லாம் முடிச்சுட்டுப் படுத்திருக்கா" என்றார். இது அக்காவின் தாளில் இல்லை. சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமைக்கு மாற்றிய பேராலயம் பற்றி ஒரு வார்த்தை. 1565 துருக்கியர் முற்றுகைக்குப் பிறகு ஊரையே புதிதாகக் கட்டிய செயின்ட் ஜான் வீரத்துறவிகளின் கோயில் அது. வெளியே சாதாரணம், உள்ளே தங்கம். தரை முழுக்கப் பளிங்குக் கல்லறைகள், எலும்புக்கூடு படம் போட்டவை. கூரான குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை, தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். இதை அக்கா தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார், கோயிலுக்கு ஆள் கூட்டிப் போய்ப் பழகியவர் அல்லவா. பக்கத்து மண்டபத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த புனித யோவானின் சிரச்சேதம். சுவர் அகலத்துக்கு இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அதுதான், அதுவும் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே எழுதியது போல. நாங்கள் அந்தக் கையெழுத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா வேறு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன பேர் நிக்கிறாங்க, அந்தக் கிழவி ஒருத்திதான் தலையில கை வச்சிருக்கா" என்றார். நிஜம்தான். மற்றவர்கள் எல்லோரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நான் காதில் மாட்டியிருந்த ஒலி வழிகாட்டியைக் கழற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மார்சாஷ்லோக். துறைமுகம் நிறைய மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டை அடித்த லுட்சு படகுகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு கண். கெட்டது அண்டாமல் காக்குமாம். சித்திக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "நாம லாரிக்குப் பின்னால திருஷ்டிக்கு எழுதுறோம், இவங்க முன்னாலேயே கண்ண வச்சுட்டாங்க." மீன் கடைகளைத் தாண்டினால் மீதிச் சந்தை நம் பசார் மாலாம் (இரவுச் சந்தை) மாதிரிதான், கைப்பேசி உறையும் உள்ளாடையும். தேனும் கோசோ பின்னல் துணியும் வாங்கினோம். நடந்தது போதும் என்று ஒரு கடையில் உட்கார்ந்தபோதுதான் பயணத்தின் பெரிய ஆச்சரியம் வந்தது. தேநீர் கேட்டோம். கண்ணாடி கிளாஸில், கெட்டியாக, டின் பால் ஊற்றி வந்தது. அங்கே அதற்குக் கண்ணாடித் தேநீர் என்றே பெயர். ஆற்றித் தரவில்லை என்பதுதான் குறை. மற்றபடி நம் ஊர் ஆற்றிய பால் தேநீரான தே தாரேக்கின் ஒன்றுவிட்ட அண்ணன். ஐந்து நாளாக விடுதியின் தூள் பையைத் தண்ணீரில் முக்கிக் குடித்துக்கொண்டிருந்த அம்மா, இரண்டு கிளாஸ் குடித்தார்.

சாப்பாட்டில் அக்கா செய்த தவறு பெரியது. தாளில் மூன்று இரவு "இந்திய உணவகத்தில் விருந்து". அதுவும் பேருந்து பிடித்துப் போக வேண்டிய செயின்ட் ஜூலியன்ஸில். ஒரு இரவு போனோம். நாண் ரொட்டியும் பனீரும் மோசமில்லை. வழியெல்லாம் நெரிசல், திரும்பி வரும்போது அம்மா, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்" என்று கேட்டார். மீதி இரண்டையும் ரத்து செய்யச் சொல்லி எழுதினேன். சைவத்துக்கு வழி அங்கேயே இருக்கிறது. பட்டாணி வைத்த பஸ்திட்சி ஒன்று ஒரு யூரோ அளவில். நம் கறிப்பாப்பை (கறி பஃப்) வைர வடிவத்தில் மடித்து, மாவை ஏடு ஏடாகப் பிரித்தால் அதுதான். பன்றிக்கொழுப்பு சேர்த்து மாவு பிசையும் பழக்கமும் உண்டு என்று படித்திருந்ததால் ஒவ்வொரு கடையிலும் கேட்டுக்கொண்டுதான் வாங்கினேன். ரபாத் என்ற ஊரில் நாங்கள் வாங்கிய கடையில் மார்ஜரின். பேரீச்சம்பழம் அடைத்துப் பொரிக்கும் இம்'அரெத், தக்காளி தேய்த்த ரொட்டி, ஆட்டுப்பால் கட்டி எல்லாம் ஓடும். மகனுக்கோ கடை வாசலில் தொங்கிய டுவிஸ்டீஸ் நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பார்த்ததும் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நம் டுவிஸ்டீஸ் இல்லை, அவர்களே செய்வது. நம்முடையதைவிட நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது.

காடியும் ஓட்டுநருமாக ஒரு நாள் போட்டிருந்தார். அந்த ஒரு நாளில் மோஸ்தா, இம்தீனா, ரபாத், டிங்லி பாறைமுகடு, ஹஜார் ஈம் கற்காலக் கோயில், 'மூன்று நகரங்கள்' என்ற துறைமுக ஊர்கள். தாளில் பார்க்க அழகு. நிஜத்தில் டிங்லியையும் மூன்று நகரங்களையும் விட்டுவிட்டோம். மோஸ்தா தேவாலயத்தில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியக் குண்டு கூரையைத் துளைத்து, பூசைக்குக் கூடியிருந்தவர்கள் நடுவில் விழுந்து, வெடிக்காமல் கிடந்திருக்கிறது. அதன் நகலை உள்ளே வைத்திருக்கிறார்கள். அம்மா அதைக் கும்பிட்டாரா, கூரையைக் கும்பிட்டாரா, தெரியவில்லை. அங்கே பல கோயில்களில் கோபுரத்துக்கு ஒன்றாக இரண்டு கடிகாரம் இருக்கும், ஒன்று சரியான நேரம், மற்றது தப்பு. சாத்தானைக் குழப்புவதற்காம். "நம்ம அக்கா தாள்ல இருக்கிற நேரமும் அதுக்குத்தான் போட்டிருப்பாங்க" என்றார் சித்தி.

மால்டிய மொழி அரபியின் வழி வந்தது, எழுதுவது உரோமன் எழுத்தில். முதல் நாள் ஒரு கடைக் கதவைப் பார்த்துவிட்டு மகன், "அம்மா, இது பஹாசா மாதிரி இருக்கு" என்றான். ஞாயிறு ஹத், நம் மலாயில் அஹாட். வியாழன் ஹமீஸ், நம் காமிஸ். வெள்ளி ஜிமா, நம் ஜுமாஆட். சனி சிப்த், நம் சப்து. அப்புறம் எந்தக் கதவின் முன் நின்றாலும் என்றைக்கு மூடுவார்கள் என்பதை அவனே படித்துச் சொன்னான். முகவர் செய்ய வேண்டிய வேலையை 14 வயதுப் பையன் மலாய்ப் பாடத்தை வைத்துச் செய்தான் என்று அக்காவிடம் சொன்னேன். சிரித்தார், ஆனால் முகம் கொஞ்சம் வாடியது. சொல்லியிருக்க வேண்டாம்.

கோசோ நாள் கடைசியில் நன்றாகவே அமைந்தது. சிர்கெவ்வாவிலிருந்து 25 நிமிட ஃபெரி. போகும்போது யாரும் காசு கேட்கவில்லை. திரும்பி வரும்போதுதான் வாங்குகிறார்கள், பெரியவருக்கு 4.65 யூரோ. அம்மாவுக்கு ஒரே குஷி. "நம்ம பழைய ஃபெரி மாதிரியே. பட்டர்வொர்த்துல ஏறினா காசு, இந்தப் பக்கம் ஏறினா சும்மா." நம் பினாங்குப் பாலத்துக்கும் அதே கணக்குதான் என்பதால் எங்கள் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அக்காவின் கணக்கில் மட்டும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தடவை ஃபெரி காசு. கேட்டதும் திருப்பித் தந்தார்.

ஜன்னல் இருந்த இடத்துக்கும் போனோம். துவெய்ரா என்று பெயர். ஒதுக்கிய 45 நிமிடமும் இருந்தோம். ஜன்னல் இல்லை. ஆனால் பக்கத்திலேயே பாறைக்குள் சின்னக் குளம் மாதிரி உள்கடல் இருக்கிறது, அங்கிருந்து ஒரு குகை வழியாகப் படகில் வெளிக்கடலுக்குப் போகலாம். அம்மா படகில் ஏற வேண்டாம் என்றுதான் நினைத்தோம். படகோட்டி கை கொடுத்தார், ஏறிவிட்டார். இருட்டுக் குகையில் படகு நுழைந்து, தண்ணீர் மட்டும் நீலமாக வெளிச்சம் விட்டதும், "முருகா" என்றார். வெளியே வந்ததும் படகோட்டி வெறும் கடலைக் கை காட்டி, அங்கேதான் அது நின்றது என்றார். சித்தி அந்த வெறும் கடலைப் பின்னால் வைத்து எங்கள் நாலு பேரையும் படம் எடுக்கச் சொன்னார். ஃபிரேம் போட்டாகிவிட்டது. சித்தியின் சுங்கைப் பட்டாணி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

கொமினோவின் நீலக் குளம் தாளில் இருந்தது, போகவில்லை. வாடகை நாற்காலிகளுக்கு நடுவே நிற்பதற்கு நமக்கு லங்காவி கிட்டத்தில் இருக்கிறது.

எட்டு நாள், ஏழு இரவு, ஆளுக்கு 9,350 வெள்ளி ஆனது. விமானம், விடுதி, காலைச் சாப்பாடு, ஒரு நாள் காடி, சில நுழைவுச்சீட்டு எல்லாம் அடக்கம். நீங்களே உட்கார்ந்து பதிவு செய்தால் ஆயிரம் வெள்ளி வரை குறையலாம். சக்கர நாற்காலி, முட்டி, சைவம் என்று யாராவது உங்களோடு வருகிறார்கள் என்றால் நான் மறுபடியும் இவரிடம்தான் போவேன். இளசுகள் மட்டும் போவதாக இருந்தால் இவர் தேவையில்லை. எப்படியிருந்தாலும் தாள் கைக்கு வந்ததும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் கிழமையை எழுதி, அன்றைக்குத் திறந்திருக்குமா என்று நீங்களே ஒரு தடவை பாருங்கள். ஹைப்போஜியம் வேண்டுமென்றால் விமான டிக்கெட் எடுத்த அன்றைக்கே அதையும் எடுங்கள்.

ரத்து செய்த இரண்டாவது விருந்துக்கு 380 வெள்ளி கணக்கில் வந்துவிட்டது. கடைசி இரவு விருந்துக்கு இன்னும் வரவில்லை. அந்த உணவகத்திடம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் மாடி ஏறிக் கேட்க வேண்டும். அம்மா கீழே பூக்கடையில் உட்கார்ந்திருப்பார்.